விடாத தும்மலும் வாடிய மனமும்: அலர்ஜியை நேரத்தோடு கண்டுகொள்ள

அலர்ஜி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான். அப்படி வந்தால் யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆளைக் கரைப்பது வேறொரு வகை. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராய் ஒழுகும் மூக்கு, இரவில் அடைத்துக்கொள்ளும் மூக்கு, அரிக்கும் கண், அடிக்கடி செருமும் தொண்டை. எதுவுமே பெரிய நோய் மாதிரித் தெரியாது. எழுந்து நடக்கலாம், வேலை பார்க்கலாம், நாலு பேரிடம் பேசலாம். ஆனால் எதிலும் மனம் ஒட்டாது. சின்ன விஷயத்துக்குக்கூட எரிச்சல் வரும், காரணமே இல்லாமல் அழுகை முட்டும். மூக்கும் மனமும் ஒரே காரணத்தால் படுத்தும் என்று முன்பே ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ காலமும் பணமும் மிச்சமாகியிருக்கும். தனியாகத் தட்டித் தடவித் தெரிந்துகொண்டதை, வரும் வரிசைப்படியே சொல்கிறேன்.

முதலில் இது சளியின் வேஷத்தில்தான் வரும். அதனால் சளிக்கும் அலர்ஜிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. வைரஸால் வரும் சளிக்கு ஒரு போக்கு உண்டு: தொண்டை வலியோடு ஆரம்பிக்கும், உடம்பு வலிக்கும், சில சமயம் காய்ச்சல் அடிக்கும், முதலில் தண்ணீராக இருந்த சளி கெட்டியாகும், 7 முதல் 10 நாளில் ஓரளவு அடங்கிவிடும். அலர்ஜிக்கு அந்தப் போக்கே கிடையாது. காய்ச்சல் இருக்காது. மூக்கிலிருந்து வருவது தெளிந்த தண்ணீர் மாதிரியே இருக்கும். தும்மல் ஒன்றிரண்டோடு நிற்காமல் ஆறு, ஏழு, எட்டு என்று தொடரும். மூன்று வாரம் ஆனாலும் விடாது. அல்லது நாலு நாள் விட்டுவிட்டுத் திரும்ப வரும். எல்லாவற்றையும்விட நல்ல அடையாளம் அரிப்பு. மூக்குக்குள், கண்ணின் உள்மூலையில், காதுக்குள், மேல் அண்ணத்தில் அரிக்கும். நாக்கால் அண்ணத்தைத் தேய்த்து ‘டக் டக்’ என்று சத்தம் எழுப்பும் பழக்கம் உங்களுக்கோ வீட்டுக் குழந்தைக்கோ இருந்தால் அது வெறும் பழக்கமாக இல்லாமல் அரிப்பாக இருக்கலாம். சளிக்கு இப்படி அரிப்பது அபூர்வம்.

முகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாலே சில தடயங்கள் கிடைக்கும். மூக்கு நுனியை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் கீழ்ப்பகுதியில் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழுந்திருக்கும். குழந்தைகளிடம் இது நன்றாகத் தெரியும். கண்ணுக்குக் கீழே நீலமும் கறுப்பும் கலந்த நிழல் இருக்கும். மூக்கு அடைப்பதால் அந்தப் பகுதி ரத்தநாளங்களில் ரத்தம் தேங்குவதுதான் காரணம். கீழ் இமைக்குக் கீழே ஒன்றிரண்டு கூடுதல் மடிப்புகள் தெரியலாம். வாயால் மூச்சு விடுவதால் எழும்போது வாய் காய்ந்து, உதடு வெடித்திருக்கும். காது அடைத்த மாதிரி, விமானத்தில் இறங்கும்போது இருக்குமே, அப்படி இருக்கும். மணமும் ருசியும் மங்கும். இவை எல்லாமே ஒருவருக்கு வரவேண்டும் என்பதில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு தூக்கக் குறைவாலும் வரும், பரம்பரையாகவும் இருக்கும். ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், மூன்று நான்கு சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

இங்கே இன்னொன்றையும் பிரித்துவிடவேண்டும். வாசனைத் திரவியம், புகை, குளிர்காற்று, காரமான சாப்பாடு ஆகியவை பட்டவுடன் மூக்கு ஒழுகி, ஆனால் அரிப்போ கண் எரிச்சலோ இல்லையென்றால், அது பெரும்பாலும் அலர்ஜி அல்லாத மூக்கு எரிச்சல். அதற்கு அலர்ஜி மாத்திரை அவ்வளவாக வேலை செய்யாது. ‘மாத்திரை போட்டும் கேட்கவில்லை’ என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு நடப்பது இதுதான். இரண்டும் கலந்தே இருப்பவர்களும் உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் குழப்பங்கள் பல தீரும். தூசுப்பூச்சியின் எச்சம், மகரந்தம், பூனை உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் உள்ள புரதம் மாதிரி ஒரு தீங்கற்ற பொருளை எதிரி என்று நினைத்து, உடம்பு ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைச் செய்துவைக்கும். அது மூக்கு, கண், தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை அதே பொருள் உள்ளே வந்ததும் அந்தச் செல்கள் சில நிமிடங்களில் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். அரிப்பு, தும்மல், ஒழுகல் எல்லாம் அதனால். பலருக்குத் தெரியாதது இரண்டாவது அலை. 4 முதல் 8 மணி நேரம் கழித்து வேறு அழற்சிச் செல்கள் வந்து சேரும். அப்போது தும்மல் குறைவாகவும் அடைப்பு அதிகமாகவும் இருக்கும். மதியம் தூசு தட்டியவருக்கு ராத்திரி மூக்கு அடைப்பது இப்படித்தான். ‘இப்போது ஒன்றும் செய்யவில்லையே, ஏன் அடைக்கிறது?’ என்று யோசித்துத் தப்பான பொருளைக் குற்றவாளியாக்கிவிடுவோம். அடுத்தடுத்து பல நாள் பட்டுக்கொண்டே இருந்தால் மூக்கு உணர்ச்சி கூடிப்போய், முன்பு ஒன்றும் செய்யாத சிறிய அளவே போதும் என்றாகிவிடும். சீசன் தொடங்கும்போது லேசாக இருந்தது கடைசியில் தாங்கமுடியாமல் போவது அதனால்தான்.

இனி மனதுக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியமான பகுதி. மூக்கைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு, இதைப் பற்றிச் சொல்வோர் குறைவு. படுத்தவுடன் தலைக்கு ரத்த ஓட்டம் மாறி மூக்கின் உள்சவ்வு இன்னும் வீங்கும். அலர்ஜித் தொந்தரவு விடியற்காலையில்தான் உச்சத்துக்குப் போகும். ராத்திரி முழுக்க மூளை நொடி நொடியாக விழித்து விழித்து அடங்கும். அந்த விழிப்பு நமக்கு நினைவில் இருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தோம் என்றுதான் கணக்குச் சொல்வோம். ஆனால் எழும்போது தலை கனக்கும், உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். பத்து மணிக்கு ஒரு பக்கத்தை மூன்று முறை படித்தாலும் ஏறாது. சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனியில் நிற்கும். குழந்தையாக இருந்தால் வகுப்பில் கவனம் இல்லை, துறுதுறுவென்று இருக்கிறான், எதற்கெடுத்தாலும் அடம் பிடிக்கிறான் என்று புகார் வரும். பெரியவர்கள் சோர்ந்து காட்டுவதைக் குழந்தைகள் பல சமயம் ஆட்டமாகவும் கோபமாகவும் காட்டுவார்கள்.

இதற்கு மேல் வெட்கம் ஒன்று சேரும். கூட்டத்தில் தும்மினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ‘எப்பப் பார்த்தாலும் உனக்கு ஏதாவது ஒண்ணு’ என்று நெருங்கியவர்களே சொல்வார்கள். சலித்துப்போய், வெளியே போவதையும் நாலு பேரைப் பார்ப்பதையும் குறைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்தில் நாம் சோம்பேறி, நமக்கு மனவுறுதி இல்லை என்று நாமே நம்பத் தொடங்கிவிடுவோம். அலர்ஜி மூக்கழற்சி உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கெட்டுப்போன தூக்கம் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. தோல் அரிப்பு, எக்ஸிமா, தடிப்பு உள்ளவர்களுக்கும் இதே கதைதான். ராத்திரியில் அரிப்பு கூடி, தூக்கம் போய், பகலில் நிதானம் போகும்.

உங்கள் மனவாட்டம் அலர்ஜியோடு சேர்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மூக்கு திறந்திருக்கும் நாட்களில் மனமும் லேசாகிறதா? வேறு ஊரில், வேறு படுக்கையில் நான்கு நாள் இருந்தபோது இரண்டும் சேர்ந்து தெளிந்தனவா? அப்படியானால் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எல்லாவற்றையும் அலர்ஜியின் தலையில் கட்டுவதும் ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டே இருந்தால், எதிலும் ஆசையே இல்லையென்றால், மனநல மருத்துவரைப் பார்ப்பதை மூக்கு சரியாகட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

மனதைக் கெடுப்பது நோய் மட்டுமில்லை, அதற்குப் போடும் மாத்திரையும்தான். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், ஹைட்ராக்ஸிசின் மாதிரிப் பழைய ஆன்டிஹிஸ்டமின்கள், அதாவது ஹிஸ்டமினைத் தடுக்கும் அலர்ஜி மாத்திரைகள், மூளைக்குள் நுழைந்துவிடும். ராத்திரி போட்டால் மறுநாள் காலையிலும் மந்தம் இருக்கும்; தூக்கக் கலக்கம் இல்லை என்று நாம் நினைத்தாலும் வண்டி ஓட்டும்போது கை கால் தாமதமாகத்தான் வேலை செய்யும். வயதானவர்களுக்குக் குழப்பம், சிறுநீர் அடைப்பு, தடுமாறி விழுவது வரை போகலாம். ஜலதோஷத்துக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் கூட்டு மாத்திரைகளில் இவை ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் போன்ற புதியவை மந்தத்தை அவ்வளவாகத் தருவதில்லை. செடிரிஸினும் லெவோசெடிரிஸினும் இடைப்பட்டவை, சிலரைத் தூங்கவைக்கும். ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாற்றோடு விழுங்கினால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும், தண்ணீரோடுதான் போடவேண்டும். பிலாஸ்டின் வெறும் வயிற்றுக்கானது: சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ.

ஆஸ்துமாவுக்கும் மூக்கு அலர்ஜிக்கும் தரும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். கெட்ட கனவு, பதற்றம், எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை இந்த மருந்தால் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020ஆம் ஆண்டு தன் உச்சபட்ச எச்சரிக்கையைப் போட்டது. மூக்கு அலர்ஜிக்கு மட்டும் என்றால், வேறு மருந்து கேட்காத நிலையில்தான் இதைத் தரவேண்டும் என்பதும் அதில் உண்டு. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆஸ்துமாவுக்கு இது பலருக்குக் கைகொடுக்கும் மருந்து. ஆனால் ஆரம்பித்த பிறகு குணம் மாறினால், குழந்தை ராத்திரி அலறி எழுந்தால், மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சூடோஎஃபெட்ரின் உள்ள அடைப்பு மாத்திரைகளோ படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. நெடுநாள் தினமும் செடிரிஸின் அல்லது லெவோசெடிரிஸின் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான அரிப்பு வரும் என்று அதே நிறுவனம் 2025இல் எச்சரித்திருக்கிறது. அந்த அரிப்பை அலர்ஜி திரும்பிவிட்டதாக நினைத்து மறுபடி மாத்திரைக்கே ஓடுவதுதான் அதில் உள்ள சிக்கல்.

பணமும் நேரமும் எங்கெங்கே போகிறது என்று பார்த்தால் வருத்தமாக இருக்கும். முதலில் ஆன்டிபயாடிக். அலர்ஜிக்கும் வைரஸ் சளிக்கும் அது ஒன்றும் செய்யாது. ஏழாம் நாள் தற்செயலாகக் குறைந்தால் மருந்து கேட்டது என்று நம்பி அடுத்த முறையும் அதையே வாங்குவோம். பிறகு இருமல் சிரப். சளி பின்பக்கமாகத் தொண்டைக்கு வடிவதால் வரும் இருமலுக்கு மூக்கைக் கவனிக்காமல் சிரப் குடித்துப் பயனில்லை. அடுத்து ‘சைனஸ் தலைவலி’ என்று எடுக்கும் ஸ்கேன்கள். நெற்றியிலும் கன்னத்திலும் வலித்து, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல், குமட்டலும் இருந்தால் அது பல சமயம் மைக்ரேன்தான். அடுத்தது, ரத்தத்தை அனுப்பினால் நூறு உணவுகளுக்கு முடிவு சொல்கிறோம் என்று விற்கப்படும் ஐஜிஜி பரிசோதனைகள். ஐஜிஜி என்பது ஐஜிஇ இல்லை, வேறொரு எதிர்ப்புரதம்; அது இருப்பது அந்த உணவை நாம் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் காட்டும், அலர்ஜியைக் காட்டாது. அந்த அறிக்கையை நம்பி ஒவ்வொன்றாகச் சாப்பாட்டை விலக்கி, உடம்பு மெலிந்து, கூட உட்கார்ந்து சாப்பிடும் சந்தோஷமும் போனவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

இன்னொரு பொறி, அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தும் ஸ்ப்ரேயும். ஆக்ஸிமெட்டாஸோலின், சைலோமெட்டாஸோலின் என்று அட்டையில் இருக்கும். போட்ட சில நிமிடத்தில் மூக்கு திறக்கும்; அந்த நிம்மதியே ஆளை இழுத்துவிடும். 3 நாள், மிஞ்சினால் 5 நாளைக்கு மேல் போட்டால் மருந்தின் வேகம் குறைந்ததும் ரத்தநாளங்கள் முன்பைவிட அதிகமாக வீங்கும். அடைப்புக்கு மருந்து போட்ட நிலை மாறி, மருந்தாலேயே அடைப்பு என்றாகிவிடும். தலையணைக்கு அடியில் அந்தப் பாட்டில் இல்லாமல் தூங்கமுடியாது என்ற நிலைக்கு வந்தவர்கள் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, ஸ்டீராய்டு ஸ்ப்ரேயின் துணையோடு நிறுத்தவேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், பிறகு மூக்கு தானாகத் திறக்கும்.

காசே செலவாகாத, எல்லாவற்றையும்விடப் பயன்தரும் வேலை குறிப்பு எழுதுவது. இரண்டு முதல் நான்கு வாரம் போதும். தும்மல், ஒழுகல், அரிப்பு, அடைப்பு ஆகிய நான்குக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள், மொத்தம் 12. கூடவே ராத்திரி தூக்கம் எப்படி, பகலில் மனநிலை 10க்கு எவ்வளவு, எங்கே இருந்தீர்கள், எதைச் சுத்தம் செய்தீர்கள், என்ன மருந்து எத்தனை மணிக்கு என்று ஒரு வரி. எழுதுவதை அன்றன்றைக்கே எழுதுங்கள். வாரக்கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் அன்றைய மனநிலைதான் ஏழு நாளுக்கும் ஏறும். பிறகு படித்துப் பாருங்கள். படுக்கையில் புரளும்போதும் எழும்போதும் அதிகமென்றால் தூசுப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். ஈரம் கசியும் அறையிலோ பழைய காகிதக் கட்டைப் பிரிக்கும்போதோ என்றால் பூஞ்சை. வருடத்தில் குறிப்பிட்ட வாரங்களில் மட்டும், அதுவும் வெளியே போனால் கூடுகிறதென்றால் மகரந்தம். அழகாகப் பூத்துக் குலுங்கும் செடிகளைவிட, கண்ணில் படாத பூ கொண்ட புல்லும் மரமும்தான் பெரும்பாலும் காரணம். அவற்றின் மகரந்தம்தான் காற்றில் பறக்கும். வேலை நாட்களில் கூடி விடுமுறையில் குறைந்தால் மாவு, மரத்தூள், ரப்பர் கையுறை, ரசாயனம் என்று வேலையிடத்தில் தேடுங்கள். அங்கே தாமதித்தால் ஆஸ்துமாவாக முற்றும் என்பதால் இதை அலட்சியப்படுத்தவேண்டாம்.

வாரத்தில் 4 நாள் அல்லது அதற்கு மேல், தொடர்ந்து 4 வாரம் அல்லது அதற்கு மேல் தொந்தரவு இருந்தால் மருத்துவ வழிகாட்டுதல்கள் அதை ‘நீடித்த’ வகை என்கின்றன. தூக்கம், படிப்பு, வேலை ஏதாவது ஒன்று பாதிக்கப்பட்டாலே அது லேசானது இல்லை. குறிப்பில் இந்த இரண்டும் தெரிந்தால் பரிசோதனைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. தோலில் ஒவ்வொரு பொருளின் சாற்றையும் ஒரு சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள். 15, 20 நிமிடத்தில் முடிவு தெரியும். வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் பாசிட்டிவ். ஆன்டிஹிஸ்டமின் போட்டுக்கொண்டு போனால் எதுவுமே தடிக்காது, போன நேரமும் கட்டிய பணமும் வீண். வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சில மனச்சோர்வு மருந்துகளும் தோல் பரிசோதனையை மறைக்கும், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக்கூடாது, எழுதிக்கொடுத்தவரைக் கேட்கவேண்டும். மருந்தை நிறுத்தமுடியாதவர்களுக்கும் தோல் முழுக்கப் புண் உள்ளவர்களுக்கும் குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மொத்த ஐஜிஇ அளவு மட்டும் பார்த்துவிட்டு அலர்ஜி உண்டு, இல்லை என்று முடிவு செய்யமுடியாது.

பரிசோதனை முடிவைப் படிப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டுமே பொருள். அது பட்டதும் உங்களுக்குத் தொந்தரவு வருகிறதா என்பதைக் குறிப்பேடுதான் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே அதை அலர்ஜி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உணவு பாசிட்டிவ் என்று வந்து, ஆனால் அதை நீங்கள் வாரம் தோறும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் விலக்காதீர்கள்.

சிகிச்சையில் மாத்திரையைவிடப் பலமானது ஸ்டீராய்டு நாசல் ஸ்ப்ரேதான், குறிப்பாக அடைப்புக்கு. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைடு என்று வரும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு பயப்படவேண்டியதில்லை, மூக்கிலேயே வேலை செய்யும், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஆனால் முழுப் பலன் தெரிய 2 வாரம்கூட ஆகலாம், தினமும் அடிக்கவேண்டும். நாலு நாளில் பலனில்லை என்று மூலையில் போட்ட பாட்டில்கள்தான் அதிகம். அடிக்கும் விதம் தப்பினாலும் பலன் போய்விடும். மூக்கை மெதுவாகச் சிந்திக்கொள்ளுங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள், புதியதென்றால் நல்ல பனிபோல் வரும் வரை காற்றில் அழுத்துங்கள். தலையை அண்ணாந்து வைக்காமல் லேசாகக் குனியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை. நுனியைக் கொஞ்சம் மட்டும் உள்ளே விட்டு, அதே பக்கத்துக் கண்ணின் வெளிமூலையை நோக்கித் திருப்பி அழுத்துங்கள். நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் அங்கே காய்ந்து ரத்தம் வரும். அழுத்தும்போது மெல்ல மூச்சை இழுத்தால் போதும். தொண்டையில் மருந்தின் கசப்பு தெரிந்தால் வேகமாக உறிஞ்சிவிட்டீர்கள் என்று பொருள். ஸ்ப்ரேயும் ஆன்டிஹிஸ்டமினும் மகரந்த சீசனுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்கினால் சீசன் சுலபமாகக் கழியும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல துணை. அயோடின் சேர்க்காத உப்பு 3 தேக்கரண்டி, சமையல் சோடா 1 தேக்கரண்டி கலந்து மூடிய டப்பாவில் வையுங்கள். அந்தக் கலவையில் 1 தேக்கரண்டியை 240 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கழுவலாம். எரிந்தால் கலவையைக் குறையுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஒருபோதும் மூக்கில் விடாதீர்கள். குறைந்தது 1 நிமிடம் கொதித்து ஆறியதாகவோ, காய்ச்சி வடித்ததாகவோ இருக்கவேண்டும். நைக்லேரியா என்ற அமீபா குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிரை எடுத்துவிடும். கழுவிய பிறகு ஸ்ப்ரே அடியுங்கள்; முதலில் ஸ்ப்ரே அடித்துவிட்டுக் கழுவினால் மருந்தும் சேர்ந்து போய்விடும்.

படுக்கையறையில் செய்யவேண்டியதை ஒன்றாகச் சேர்த்துச் செய்தால்தான் பலன். தூசுப்பூச்சி நம் தோல் செதிலைத் தின்று, காற்றின் ஈரத்தைக் குடித்து வாழும் கால் மில்லிமீட்டர் அளவு உயிர். மெத்தைக்கும் தலையணைக்கும் அதைத் தடுக்கும் நெருக்கமான உறை, வாரம் ஒருமுறை 55 முதல் 60 டிகிரி சூட்டில் துணி துவைத்தல், அறை ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்தல், கம்பளத்தை எடுத்துவிடுதல். வெந்நீரில் துவைக்கமுடியாத பொம்மையை ஒரு பையில் கட்டி ஒருநாள் உறைகுளிரில் வைத்து, பிறகு அலசினால் போதும். குளிர் பூச்சியைக் கொல்லும், எச்சத்தை நீக்காது. தூசுப்பூச்சிக்காகக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதில் அவ்வளவு பயனில்லை, அதன் எச்சம் கனமானது, கலைந்தாலும் சீக்கிரமே கீழே படிந்துவிடும். பூனைப் புரதமோ நுண்ணியது, மணிக்கணக்கில் மிதக்கும். அங்கே நல்ல வடிகட்டி உள்ள கருவி உதவும். பூனையை அனுப்பிவிட்ட பிறகும் அந்தப் புரதம் வீட்டில் மாதக்கணக்கில் இருக்கும், ஒரு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மகரந்தக்காரர்கள் ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டுப் படுத்தால் தலையணைக்கு அது போகாது. கண் அரித்தால் கசக்காமல் குளிர்ந்த துணியை வையுங்கள். கசக்கக் கசக்க மாஸ்ட் செல்கள் இன்னும் உடைந்து அரிப்புதான் கூடும்.

மூக்கோடு சேர்ந்து ராத்திரி இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு விடும்போது விசில் சத்தம் இருந்தால் ஆஸ்துமாவுக்கும் பார்த்துவிடுங்கள். மூக்கும் நுரையீரலும் ஒரே மூச்சுப்பாதை. இவை எல்லாவற்றையும்விட அவசரமானது அனாஃபிலாக்ஸிஸ், உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகும் திடீர் அலர்ஜி. உணவு, மருந்து, பூச்சிக்கடி ஆகியவற்றுக்குப் பிறகு, பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள், உடம்பில் தடிப்போடு மூச்சுத்திணறலோ, குரல் கம்மலோ, விடாத வாந்தியோ, தலைசுற்றி மயங்குவதோ வந்தால் அதுதான். தோலில் ஒன்றுமே தெரியாமலும் வரலாம். ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது என்ற திடீர் மரணபயமும் அதன் அறிகுறிகளில் ஒன்று. அதைப் பதற்றம் என்று தள்ளிவிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடாது. மருந்து எபிநெஃப்ரின் (அட்ரினலின்) ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அலர்ஜி மாத்திரை அதற்கு மாற்று இல்லை. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத்திணறினால் உட்காரவைக்கலாம், எழுந்து நடக்கமட்டும் விடாதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள், 5 முதல் 15 நிமிடத்தில் தெளியவில்லையென்றால் இரண்டாவது ஊசி தேவைப்படும். தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் இருந்தே ஆகவேண்டும். அதனால்தான் எந்த உணவு சேரவில்லை என்று வீட்டில் தனியாகச் சாப்பிட்டுச் சோதிக்கக்கூடாது என்கிறேன்.

மருத்துவரிடம் போகும்போது ‘சளி பிடிச்சிருக்கு’ என்று தொடங்காதீர்கள். எத்தனை வாரமாக, எந்த நேரத்தில், எங்கே இருக்கும்போது, அரிப்பு உண்டா, தூக்கம் எப்படி, மனம் எப்படி என்று சொல்லுங்கள். மனநிலையைப் பற்றி அவராகக் கேட்கமாட்டார், நீங்கள்தான் சொல்லவேண்டும். ஸ்ப்ரே, மாத்திரை, வீட்டு மாற்றம் எல்லாம் சரியாகச் செய்தும் அடங்கவில்லையென்றால், சேராத பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் இம்யூனோதெரபி பற்றிக் கேளுங்கள். ஊசியாகவும் உண்டு, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாகவும் சொட்டாகவும் உண்டு. ஊசி போட்ட பிறகு 30 நிமிடம் அங்கேயே இருக்கவேண்டும். நாக்குக்கு அடியில் வைப்பதற்கும் முதல் டோஸ் மருத்துவர் முன்னிலையில்தான். 3 முதல் 5 வருடம் தொடரவேண்டும், நிறுத்திய பிறகும் பலன் வருடக்கணக்கில் நிற்பது இதில் உள்ள லாபம். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தொடங்கமாட்டார்கள். ஒரு வருடம் ஒழுங்காக எடுத்தும் குறிப்பேட்டில் மதிப்பெண் குறையவே இல்லையென்றால், மேலும் தொடர்வதா, பொருளையே தப்பாகக் கண்டுபிடித்தோமா என்று அவரோடு உட்கார்ந்து மறுபடி பார்க்கவேண்டும்.